கணினி அனுப்பும் கடிதம் யார் கைக்குப் போகிறது?

2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பான லங்கா கவர்மென்ட் கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் வகைத் தாக்குதல் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைப்பை மீண்டும் இயக்கிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்துக்கான நகல் பிணையத்துக்கு வெளியே எங்கும் இருக்கவில்லை.

அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. 2014 முதல் அதே பதிப்புத்தான். அது காலங்கடந்தது, தாக்கப்படக்கூடியது என்று, கிளவுடை நடத்திவந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே பிறகு சொன்னது. 2021 முதல் புதிய பதிப்புக்கு மாறத் திட்டம் இருந்தும் நிதிப் பற்றாக்குறையால் தள்ளிப்போனதாக விளக்கமும் தரப்பட்டது. அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திய நாள் 2023 ஏப்ரல் 11. தாக்குதல் அதற்கு நாலரை மாதம் பிந்தி நடந்தது.

இது லினக்ஸ் கதை அல்ல. ஆனாலும் இதில் இருந்த இடைவெளி எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானது. ஒரு மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரியவருகிறது. அதை அடைக்கும் திருத்தம் வெளியாகிறது. அந்தத் திருத்தம் நம் கணினியில் ஏறுவது இன்னொரு நாள். நடுவில் உள்ள காலமே ஆபத்தானது, ஏனென்றால் திருத்தம் வெளியாகும் அன்றே ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அரசுக்காவது இதைக் கவனிக்க ஒரு நிறுவனம் உண்டு. மாத்தளை நகரில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கும் கடையின் பின்னறையில் இருக்கும் கணினிக்கு யார் இருக்கிறார்கள்?

அப்படிப்பட்ட கணினி ஒன்றை நான் அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன். பழைய டெஸ்க்டொப். திரையைக் கழற்றி எடுத்துவிட்டு, சுவரோரம் ஒரு பலகையின்மேல் வைத்திருக்கிறார்கள். அதில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. யாரிடம் எத்தனை கிலோ வாங்கியது, யாருக்கு எவ்வளவு முற்பணம் கொடுத்தது, கொழும்புக்கு எது போனது என்ற கணக்கெல்லாம் அதற்குள். திரையில்லாத கணினி தன் நிலைமையைத் தானாகச் சொல்லாது. சொல்ல வைப்பதற்கு இருப்பதிலேயே எளிய, பழைய வழி மின்னஞ்சல்தான். அதை எப்படி அமைப்பது என்பதைவிட, அமைத்தபின் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பது பெரிய கேள்வி. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. பொதிகளைக் கொண்டுவந்து நிறுவுவதும், மாற்றுவதும், நீக்குவதும் பொதி மேலாளரின் வேலை. டெபியன் குடும்பத்தில் அதன் பெயர் ஆப்ட். 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 முதல் அது கூடவே வருகிறது. ஆப்ட் முதலில் இறக்குவது மென்பொருளை அல்ல, ஒரு பட்டியலை. அந்தப் பட்டியலின் மேல் டெபியனின் எண்மக் கையொப்பம் இருக்கும். நம் கணினியில் ஏற்கெனவே உள்ள திறவுகோலைக் கொண்டு ஆப்ட் அதைச் சரிபார்க்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பொதியின் பதிப்பு எண்ணும், அந்தக் கோப்பிலிருந்து கணக்கிட்ட எஸ்எச்ஏ-256 எண்ணும் இருக்கின்றன. கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அந்த எண் பொருந்தாது. பட்டியலில் உள்ள பதிப்பு நம்மிடம் உள்ளதைவிடப் புதியது என்றால் அதுவே புதுப்பிப்பு. நடுவழியில் யாராவது பொதியை மாற்றிவைத்தால் ஆப்ட் ஏற்க மறுத்துவிடும்.

இந்தப் பட்டியலை இறக்கும் வேலையைத் தானாக நடக்க வைக்கலாம். டெபியனில் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் அதற்கான நேரக்குறி இருக்கிறது. ஆனால் சரியாக அந்த நிமிடத்தில் ஓடாது; பன்னிரண்டு மணி நேரம் வரை தற்செயலாகத் தள்ளிப்போகும்படி அமைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க உள்ள கணினிகள் ஒரே நொடியில் கதவைத் தட்டினால் டெபியனின் சேர்வர்கள் தாங்காது என்பதே காரணம். நிறுவும் வேலைக்குத் தனி நேரக்குறி, காலை 6 மணியை ஒட்டி. இவற்றில் இன்னொரு அமைப்பும் உண்டு: குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், மீண்டும் எழுந்ததும் விட்டுப்போன வேலையைச் செய்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது இந்தச் சின்ன ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. இரவு நேர டேட்டா மலிவாகக் கிடைக்கும் இணைப்பு என்றால், நேரக்குறிகளை அதிகாலை இரண்டு மணிக்கு மாற்றிவைப்பது புத்திசாலித்தனம்.

பாதுகாப்புத் திருத்தங்களை மனிதர் தலையிடாமலே நிறுவும் நிரலின் பெயர் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ். உபுண்டுவில் அது நிறுவும்போதே வந்துவிடுகிறது. டெபியன் சேர்வரில் பெரும்பாலும் நாமே நிறுவ வேண்டியிருக்கும். அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து கீழே போனால், மின்னஞ்சல் முகவரிக்கென்று ஒரு வரி காத்திருக்கிறது. வரியின் தலையில் இரண்டு சாய்வுக்கோடுகள் உள்ளன. அவை இருக்கும்வரை நிரல் அந்த வரியைப் படிக்காது. கோடுகளை அழித்து, மேற்கோள்குறிகளுக்குள் முகவரியை எழுதினால் முதல் படி முடிந்தது. இதை மூலக் கோப்பிலேயே செய்யாமல், பெயர் மாற்றிய தனிக் கோப்பொன்றில் செய்வது நல்லது. மூலக் கோப்பில் கை வைத்தால், பிறகு அந்தப் பொதியே புதுப்பிக்கப்படும்போது யாருடைய கோப்பை வைப்பது என்று கணினி கேட்டு நின்றுவிடும்.

அடுத்த வரியில் எப்போது எழுத வேண்டும் என்று சொல்ல வேண்டும். மூன்று தேர்வுகள்: ஒவ்வொரு முறையும், ஏதாவது மாறினால் மட்டும், பிழை வந்தால் மட்டும். அனுபவசாலிகள் பலர் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொந்தரவு குறைவு என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிழை நேரும்போது மட்டும் எழுதும் கணினி, மின்னஞ்சலே பழுதானால் அந்தப் பிழையைப் பற்றி எழுத முடியாது. எல்லாம் சரி என்பதும் எல்லாம் நின்றுவிட்டது என்பதும் நம் பெட்டியில் ஒரே மாதிரித் தெரியும். கடிதமில்லை, அவ்வளவுதான். ஆகவே நான் இரண்டாவதை வைக்கிறேன். மாத்தளைக் கடைக் கணினியும் அப்படித்தான் இருக்கிறது.

முகவரியை எழுதியதும் கடிதம் போய்விடும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பொதி மேலாளருக்குக் கடிதம் எழுதத் தெரியும், அஞ்சல் செய்யத் தெரியாது. அனுப்புவதற்குக் கணினியில் தனி நிரல் வேண்டும். அது இல்லையென்றால் புகார் ஒரு பதிவுக் கோப்பின் மூலையில் எழுதப்படும். யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த நிரல் இருந்தாலும், ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு வரும் கடிதங்கள் அதே கணினிக்குள்ளேயே ஓர் உள்ளூர்ப் பெட்டியில் குவிந்து கிடப்பதை நிறைய இடங்களில் காணலாம். குறித்த நேர வேலைகளின் வெளியீட்டை அந்தக் கணக்கின் உரிமையாளருக்கே அஞ்சலாக அனுப்புவது யூனிக்ஸ் காலத்து வழக்கம். 1987-இல் போல் விக்சி எழுதிய க்ரோன் நிரலும் அப்படித்தான் செய்தது. அன்று எல்லோரும் ஒரே பெரிய கணினியில் உள்நுழைந்து வேலை செய்தார்கள். உள்நுழைந்ததும் கடிதம் கண்ணில் படும். இன்று பின்னறைக் கணினிக்குள் யார் உள்நுழைகிறார்கள்?

வெளியே அனுப்புவதிலும் சிக்கல் உண்டு. வீட்டு இணைப்பிலிருந்து கணினி நேரடியாக 25-ஆம் போர்ட் வழியாக அனுப்பினால், பெரும்பாலும் இணைப்பு நிறுவனமே தடுத்துவிடும். தப்பிப் போனாலும், மாறிக்கொண்டே இருக்கும் ஐபி எண்ணிலிருந்து வரும் கடிதத்தை ஜிமெயில் போன்றவை நம்புவதில்லை. 2024 பெப்ரவரி முதல் அனுப்புபவர்கள் தங்களை நிரூபிக்க வேண்டிய விதிகளை ஜிமெயில் இன்னும் இறுக்கியிருக்கிறது. ஆகவே ஏற்கெனவே உள்ள மின்னஞ்சல் கணக்கு ஒன்றின் வழியாக, 587-ஆம் போர்ட்டில், கடவுச்சொல் கொடுத்து அனுப்புவதே நடைமுறை. ஜிமெயில் என்றால் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, கணினிக்கென்று பதினாறு எழுத்துகளில் தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். அதை எழுதிவைக்கும் கோப்பை ரூட்டைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவதும் கட்டாயம். இதற்கென்றே புதிதாக ஒரு கணக்கு திறந்துகொள்வது இன்னும் நல்லது; கடவுச்சொல் கசிந்தாலும் கடைக்காரரின் சொந்தக் கடிதங்கள் தப்பும்.

எந்த அனுப்பும் நிரல் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதற்குக் காரணம் மாத்தளையின் வானிலை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே பிற்பகலானால் நக்கிள்ஸ் மலைப்பக்கம் கறுத்து இடி முழங்கத் தொடங்கிவிடும். முதல் இடி கேட்டதுமே ரவுட்டரின் வயரைப் பிடுங்கிவிடுவது வீட்டிலும் கடையிலும் வழக்கம். மின்னல் அடித்து ரவுட்டர் கருகினால் யார் பொறுப்பு? கணினி யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், இணையம் இருக்காது. அந்த நேரத்தில் எழுதப்படும் கடிதம் என்ன ஆகும்?

பலரும் பரிந்துரைப்பது எம்எஸ்எம்டிபி என்ற சின்ன நிரலை. அமைப்பது சுலபம், எடை குறைவு. ஆனால் அது வரிசை வைத்துக்கொள்வதில்லை. இணையம் இல்லையென்றால் அனுப்ப முடியவில்லை என்று பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும். கடிதம் போனது போனதுதான். போஸ்ட்ஃபிக்ஸ் அப்படியல்ல. 1990-களின் இறுதியில் வீட்ஸே வெனேமா ஐபிஎம் ஆய்வகத்தில் எழுதிய அந்த நிரல், போகாத கடிதத்தை வட்டில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். ஐந்து நாள் கழித்துத்தான் கைவிடும். அவ்வளவு பெரிய நிரல் வேண்டாம் என்றால் நல்மெய்லர் இருக்கிறது. அது அஞ்சலை வேறு சேர்வருக்குக் கைமாற்றுவதை மட்டுமே செய்யும், வரிசையும் வைத்திருக்கும். கொழும்பில் ஒரு டேட்டா சென்டருக்குள் இருக்கும் சேர்வருக்கு எம்எஸ்எம்டிபி போதும். இடிக்குப் பயந்து ரவுட்டரைப் பிடுங்கும் ஊருக்குப் போதாது.

இப்படியெல்லாம் அமைத்தபின் வரும் கடிதம் எப்படி இருக்கும்? தலைப்பிலேயே கணினியின் பெயரும் முடிவும் இருக்கும். சில நாள் தலைப்பின் முன்னால், பகர அடைப்புக்குள், மீள்துவக்கம் தேவை என்ற எச்சரிக்கை இருக்கும். லினக்ஸ் கருநிரலே மாறியிருக்கிறது, பழையது இன்னும் நினைவகத்தில் ஓடுகிறது, கணினியை மீண்டும் துவக்கினால்தான் திருத்தம் உண்மையில் நடைமுறைக்கு வரும் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். உள்ளே, புதுப்பிக்கப்பட்ட பொதிகளின் பெயர்கள். அதற்கும் கீழே, சில வேளை, நிறுத்திவைக்கப்பட்ட பொதிகள் என்று ஒரு பகுதி வரும். கடிதத்தில் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். பெரும்பாலும் அமைப்புக் கோப்பு ஒன்றை யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள், எதை வைப்பது என்று தானாக முடிவுசெய்ய முடியாததால் நிரல் அந்தப் பொதியை விட்டுவிட்டிருக்கிறது. புதுப்பிக்கப்பட்டவை முடிந்துபோன வேலை. நிறுத்திவைக்கப்பட்டவை ஒரு மனிதருக்காகக் காத்திருக்கும் வேலை.

முதல் கடிதம் வந்த அன்று கடைக்காரர் கைபேசியைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, இது வந்தா நான் என்ன செய்யணும்?" இதைவிட நல்ல கேள்வியை எந்த வழிகாட்டி நூலிலும் நான் பார்த்ததில்லை. அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றால் அவருக்கு ஏன் அனுப்ப வேண்டும்? ஆகவே அவருக்குப் போவதை நிறுத்தி, கணினியைப் பார்த்துக்கொள்பவருக்கென்று ஒரு பொது முகவரி வைத்தோம். இன்று அது எனக்கு வருகிறது. நாளை இன்னொருவர் பொறுப்பெடுத்தால், கணினியைத் தொடாமல், அந்த முகவரி எங்கே கைமாற்ற வேண்டும் என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

சின்ன விஷயமாகத் தோன்றும். உலகின் மிகப் பெரிய தகவல் திருட்டுகளில் ஒன்று இந்தச் சின்ன விஷயத்தோடு பின்னிக் கிடக்கிறது. அமெரிக்காவில் மக்களின் கடன் வரலாற்றைச் சேகரிக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியது. அதில் இருந்த மோசமான ஓட்டைக்கு 2017 மார்ச் 7 அன்று திருத்தம் வெளியானது. இரண்டே நாளில், மார்ச் 9 அன்று, நிறுவனத்துக்குள் 400-க்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் போனது: 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தை நிறுவுங்கள். அறிவிப்பு சரியானது, வேகமும் சரியானது. ஆனால் பெறுநர் பட்டியல் பழையது. திருத்தத்தை நிறுவ வேண்டியவர்களுக்கு அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2018-இல் அறிக்கை தந்தது. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை இறுதி வரை இருந்தார்கள். சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் போயின.

இதைத் தடுக்க அந்த நிறுவனத்தில் வேறு அரண்களும் இருந்தன, அவையும் தவறின. எனினும் என்னை உறுத்துவது அந்தக் கடிதம்தான். அனுப்பியவர் தன் கடமையைச் செய்துவிட்டதாகவே நம்பியிருப்பார். அனுப்பும் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாமே நடந்து முடிந்திருந்தது.

ஆகவே அறிவிப்பை அமைக்கும்போது பெறும் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். கடைக் கணினியில் க்ரோன் வழியாக ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஒரு சிறு கடிதம் வருமாறு செய்திருக்கிறேன். புதுப்பிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வரும். தோட்டத்து இரவுக் காவலாளி மணிக்கு மணி மணியடிப்பது திருடன் வந்தான் என்று சொல்வதற்கு அல்ல. மணி கேட்காவிட்டால் எழுந்து போய்ப் பார்ப்பதற்கு. திங்கள் கடிதம் வராவிட்டால் ரவுட்டர், கடவுச்சொல், வட்டு, மின்சாரம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கடிதம் கூடினாலும் கெடுதல்தான். ஆப்டிக்ரோன் என்ற நிரல் எதையும் நிறுவாது, நிறுவ வேண்டியவற்றின் பட்டியலை மட்டும் அனுப்பும். மாற்றங்களைப் பார்த்துத் தாங்களே நிறுவ விரும்பும் நிர்வாகிகளுக்கு ஏற்றது. ஆனால் நிறுவும்வரை அதே பட்டியல் தினமும் வரும். சில நாளில் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். பிறகு யாராவது அதைத் தனிக் கோப்புறைக்குத் தள்ளும் வடிகட்டி போட்டுவிடுவார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பு என்று சொல்ல அதில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டே மற்ற வேலை பார்க்க வேண்டும்.

ஃபெடோரா குடும்பத்தில் இதே வேலையை டிஎன்எஃப்-ஓட்டோமெட்டிக் செய்கிறது. இலங்கையில் உருவாகி, கண்டிப் பக்கத்து மலைத்தொடரின் பெயரைத் தாங்கிய ஹந்தான லினக்ஸும் அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். அங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முன்னிருப்பாக அது எதையும் நிறுவாது, இறக்கிவைப்பதோடு சரி. அறிவிப்பையும் மின்னஞ்சலில் அனுப்பாமல் வெறுமனே வெளியீடாக அச்சிடும். இரண்டையும் நாம்தான் மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் சரியாக அமைத்தபின்னும் ஒரு பொறி மிச்சமிருக்கிறது. ஒரு டெபியன் பதிப்பின் ஆயுள் முடிந்தால் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். பொதி மேலாளர் வழக்கம்போலப் பட்டியலைக் கேட்கும், புதியது எதுவும் இல்லை என்று கண்டு, பேசாமல் இருந்துவிடும். ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருக்கும், கடிதம் மட்டும் வராது. டெபியன் 11-க்கான நீண்டகால ஆதரவு 2026 ஓகஸ்ட் 31 வரை, டெபியன் 12-க்கு 2028 ஜூன் 30 வரை. எக்ஸ்சேஞ்ச் 2013-க்கும் இதுபோல ஒரு தேதி இருந்தது, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டும் இருந்தது.

டிஸ்ட்ரோ-இன்ஃபோ என்ற சிறிய பொதியில் ஒவ்வொரு பதிப்பின் ஆயுளும் எழுதப்பட்டிருக்கிறது. மிச்சமுள்ள நாட்களை அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாத்தளைக் கடையின் திங்கள் கடிதத்தில் மூன்று வரிகள் உள்ளன: கடைசியாகப் புதுப்பிப்பு வெற்றியாக முடிந்த தேதி, வட்டில் மிச்சமுள்ள இடம், டெபியன் பதிப்பின் ஆயுளில் மிச்சமுள்ள நாட்கள். மூன்றாவது எண் 180-க்குக் கீழே இறங்கும்போது அடுத்த பதிப்புக்கு மாறும் நாளைக் கடைக்காரரோடு பேசிக் குறிக்க வேண்டும். அது மார்ச் மாதமாக மட்டும் இருக்கக் கூடாது. 31-ஆம் தேதி அவர் வருடக் கணக்கை முடிக்க வேண்டும்.